மேசையில் எரிகிற இரண்டாவது போர்டு

மார்ச் 3, திங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் நலம். நீ நலமா என்று கேட்டால் "நலம்" என்று ஒற்றை வார்த்தையில் கதையை முடித்துவிடுவாய். அதனால் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, ஈரச் சாக்ஸைக் கழற்றிவிட்டுப் படுக்கிறாயா என்று தனித்தனியாகக் கேட்கிறேன். தனித்தனியாகப் பதில் எழுது.

இத்துடன் பஞ்சு சுற்றி ஒரு மாத்திரை டப்பா வருகிறது. உள்ளே மாத்திரை இல்லை. உன் டார்ச்சுக்கு நான் செய்த டிரைவர். கோட்டுப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டப் போர்டு. பேட்டரி செல்லிலிருந்து எல்இடி பல்புக்கு எவ்வளவு கரண்ட் போகலாம் என்று அளந்து விடுகிற காவல்காரன் அதுதான். கடையில் வாங்கிய டார்ச்சில் இருப்பவன் தூங்குமூஞ்சி. அவனைப் பிடுங்கி எறிந்துவிட்டு இதைப் போடு. ஸ்பிரிங் இருக்கிற பக்கம் செல்லைப் பார்த்து இருக்க வேண்டும். செல்லைத் தலைகீழாகப் போட்டாலும் புகையாது, அதற்கும் ஒரு டயோடு வைத்திருக்கிறேன். உன்னை மனதில் வைத்துத்தான் வைத்தேன்.

எறும்பு அளவில் எட்டு சிப். ஈயப் பசையை ஊசி முனையால் தொட்டுத் தொட்டு வைத்து, சிப்புகளை இடுக்கியால் உட்கார வைத்து, இஸ்திரிப் பெட்டியைத் தலைகீழாக நிறுத்தி அதன் மேல் போர்டை வைத்தேன். மூன்று நிமிஷத்தில் ஈயம் பளபளவென்று உருகியது. கோணலாக இருந்த சிப் எல்லாம் தானாகவே நேராகிவிட்டது. பிறகு அத்தான் அதே பெட்டியால் ஆபீஸ் சட்டையைத் தேய்த்து, முதுகில் வெள்ளிப் பொட்டோடு போய்விட்டு வந்தார். "என்னடி, சட்டைக்கும் சர்க்கியூட் போட்டுட்டியா?" என்று ஒரே கத்தல்.

இந்த விளக்கு திடீரென்று அணையாது. செல் தீரப் போகிறதென்றால் நிமிஷத்துக்கு இரண்டு தடவை கண் சிமிட்டும். பிறகு மங்கும். அதற்குப் பிறகும் ஒரு மணி நேரம், கால் வைக்கிற இடம் தெரிகிற அளவுக்கு எரியும். நம் கடைக்குட்டி சின்னவன் அந்த மலைச் சுரங்கத்துக்குள் போய்த் திரும்பாமல் இரண்டு வருஷம் ஆகிறது. அதே சுரங்கத்தில், அதே வேலையில் நீயும் போய்ச் சேர்ந்தாய். தலையால் அடித்துக்கொண்டேன், கேட்டாயா? கேட்காதவனுக்கு என்னால் செய்ய முடிந்தது இந்தப் போர்டுதான்.

அன்புடன்,
உன் அக்கா

மார்ச் 8, சனி

அன்புள்ள எஞ்சினியர் அம்மாவுக்கு,

சாப்பிடுகிறேன். தூங்குகிறேன். சாக்ஸைக் கழற்றுகிறேன். போதுமா?

போர்டு பிரமாதம். செல்லைத் தலைகீழாகப் போட்டேன், புகையவில்லை. என்னோடு ஜோடியாக நடக்கிற நெட்டையன் என் டார்ச்சை வாங்கி வாங்கிப் பார்க்கிறான். "உங்கக்காவுக்கு இன்னொரு தம்பி வேணுமான்னு கேளு, நான் வர்றேன்" என்கிறான். எங்கள் வேலை உனக்குத்தான் தெரியுமே. மலைக்குள் தண்ணீர்க் குழாய் போகிற வழியெங்கும் பக்கத்திலேயே நடந்து, எங்கே கசிகிறது, எங்கே சுவர் வெடித்திருக்கிறது என்று எழுதிக்கொண்டு வர வேண்டும். காலை எட்டு மணிக்கு உள்ளே, ஒரு மணிக்கு வெளியே. உள்ளே போய்விட்டால் எட்டும் ஒன்றும் ஒரே இருட்டுதான்.

ஒரு விஷயம். சொன்னால் பயப்படுவாய், சொல்லாமலும் இருக்க முடியவில்லை. பாதை முடிகிற இடத்தில் இரும்புக் கேட் இருக்கிறது. அதற்கு அப்பால் சின்னவன் போன பகுதி. அன்றிலிருந்து பூட்டியே கிடக்கிறது. வியாழக்கிழமை நான் கேட் அருகே நின்று டார்ச்சைக் குறைத்தபோது, ரொம்ப உள்ளே, வளைவுக்குப் பக்கத்தில், ஒரு வெளிச்சம் தெரிந்தது. என் விளக்குதான் ஈரச் சுவரில் பட்டுத் திரும்புகிறது என்று நினைத்து முழுதாக அணைத்தேன். நெட்டையனையும் அணைக்கச் சொன்னேன். அப்போதும் தெரிந்தது.

மூன்று குட்டிச் சிமிட்டல், ஒரு நீளச் சிமிட்டல். கொஞ்சம் ஓய்வு. மறுபடி மூன்று குட்டி, ஒரு நீளம். வெள்ளிக்கிழமையும் அப்படியே. நெட்டையன் வெளியே வந்ததும் முகத்தை மட்டும் ரொம்ப நேரம் கழுவினான்.

சூப்பர்வைசரிடம் சொல்லவில்லை. அவர் இங்கே வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. நான் யாருடைய அண்ணன் என்று தெரிந்தால் அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள். இங்கே இருக்கிற ஒரே போன் அவர் மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறது, அதனால் நீ போன் பண்ணாதே. எழுது.

இப்படிக்கு,
உன் கேட்காத தம்பி

மார்ச் 12, புதன்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை நின்றபடி படித்தவள் உட்கார்ந்துவிட்டேன். உண்மையைச் சொல். அத்தான் உனக்குத் தனியாகக் கடிதம் ஏதாவது போட்டாரா? இரண்டு பேரும் சேர்ந்து என்னைக் கிண்டல் பண்ணுகிறீர்களா? அவரிடம் கேட்டால், "எனக்கு ஒன் லைட்டப் போடவும் தெரியாது அணைக்கவும் தெரியாது" என்கிறார். அது உண்மைதான்.

உனக்குப் போர்டை அனுப்பிய பிறகு, போன புதன்கிழமை, நான் இரண்டாவதாக ஒன்று செய்தேன். புது புரோகிராம் எழுதிப் பார்ப்பதற்காக. அதில் ஒரு சின்ன எல்இடியை ஒட்ட வைத்து, செல்லோடு சேர்த்துச் சாப்பாட்டு மேசை மேல் வைத்திருக்கிறேன். ஒரு செல் எத்தனை நாள் தாங்கும் என்று பார்க்க அணைக்காமலே விட்டிருக்கிறேன். அது எப்படிச் சிமிட்டுகிறது தெரியுமா? மூன்று குட்டி, ஒரு நீளம், கொஞ்சம் ஓய்வு. ஏன் மூன்று, ஏன் ஒன்று என்று கேட்டால் எனக்கே தெரியாது. விரல் போன போக்கில் எழுதினேன். யாரிடமும் சொல்லவில்லை.

தற்செயல் என்று வைத்துக்கொள்வோம். நான் அப்படித்தான் வைத்துக்கொள்கிறேன், நேற்றிலிருந்து அந்த மேசையில் சாப்பிடவில்லை, அவ்வளவுதான். ஆனால் ஒன்றைச் சரிபார்த்துவிட்டால் மனசு அடங்கும். வருகிற ஞாயிறு காலை சரியாக ஒன்பது மணிக்குச் சிமிட்டலை மாற்றுவேன். எப்படி மாற்றினேன் என்று எழுத மாட்டேன். நீ பார்த்ததை எழுது. ஒன்றுமே மாறவில்லை என்று எழுதுடா, கண்ணு. எழுதினால் உனக்குப் பிடித்த அந்தப் பச்சை மப்ளரை அவிழ்த்து மறுபடி பின்னித் தருகிறேன்.

கேட் பக்கம் தனியாகப் போகாதே.

அன்புடன்,
உன் அக்கா

மார்ச் 17, திங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

மப்ளர் எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

ஞாயிறு எங்களுக்கும் நடை உண்டு. எட்டே முக்காலுக்குக் கேட்டுக்கு வந்து விளக்கை அணைத்துவிட்டு நின்றோம். நெட்டையன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று குட்டி, ஒரு நீளம். அப்படியே போய்க்கொண்டிருந்தது. ஒன்பதுக்கு அணைந்தது. ஒரு நிமிஷம் ஒன்றுமே இல்லை. நெட்டையன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். பிறகு மறுபடி வந்தது. இரண்டு நீளம், ஏழு குட்டி. நாங்கள் இரண்டு பேரும் தனித்தனியாக எண்ணினோம். ஏழுதான்.

இன்றைக்கும் ஏழுதான். அது ஓர் இடத்தில் நிற்கவில்லை, அக்கா. யாரோ கையில் பிடித்திருப்பது போல மேலும் கீழும் லேசாக ஆடுகிறது.

உடனே எழுது.

தம்பி

மார்ச் 21, வெள்ளி

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு நீளம், ஏழு குட்டி. புரோகிராமை மாற்றுவதற்குப் போர்டிலிருந்து செல்லை எடுத்து, கம்ப்யூட்டர் ஒயரின் கிளிப்பை மாட்டி, மறுபடி செல்லைப் போட ஒரு நிமிஷம்தான் ஆனது. அந்த ஒரு நிமிஷத்தைத்தான் நீ பார்த்திருக்கிறாய்.

உன்னிடம் இரண்டு வருஷமாகச் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். சின்னவன் கடைசியாக வந்தபோது அவன் டார்ச்சுக்கு நான்தான் முதல் டிரைவர் செய்து கொடுத்தேன். அப்போது எனக்கு இதில் அரைகுறை ஞானம்தான், ஆனால் பெருமைக்குக் குறைச்சல் இல்லை. செல் இறங்க இறங்க மங்குகிற மாதிரிதான் முதலில் செய்திருந்தேன். அவன் பார்த்துவிட்டு, "என்னக்கா, கெழவன் மாதிரி இழுத்துக்கிட்டுப் போகுது? கடைசி வரைக்கும் ஒரே வெளிச்சமா நிக்கணும். செய்ய முடியுமா முடியாதா?" என்றான். முடியாது என்று சொல்ல என் வாய்க்கு வரவில்லை. செய்து கொடுத்தேன். கடைசித் துளி வரை முழு வெளிச்சம், அப்புறம் ஒரு நொடியில் கும்மிருட்டு. ஓர் எச்சரிக்கை கிடையாது. அவனைக் கட்டிப்பிடித்து அனுப்பி வைத்துவிட்டு, எவ்வளவு அழகாக எரிகிறது என்று அன்று முழுக்க அத்தானிடம் பீற்றிக்கொண்டேன்.

அவன் வழி தவறினானா, விழுந்தானா, யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். அவன் இருட்டில் நின்றான். அந்த இருட்டை நான்தான் செய்து கொடுத்தேன்.

இப்போது அவனிடம் ஒரு விளக்கு இருக்கிறது என்கிறாய், அது என் மேசையில் இருக்கிற விளக்கு. இதை அணைத்தால் அவன் மறுபடி இருட்டில். அணைக்காவிட்டால் நீ அந்தக் கேட்டைத் திறந்துகொண்டு போவாய். நீ என் தம்பி, எனக்குத் தெரியாதா? ஒரு கையால் செல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கழற்றவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

போகாதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

அக்கா

மார்ச் 25, செவ்வாய்

அன்புள்ள அக்காவுக்கு,

நீ செய்த விளக்கு என்று எனக்கு முன்பே தெரியும். அவன் எனக்கும் காட்டிப் பீற்றிக்கொண்டான். "அக்கா எனக்குன்னே செஞ்சுது, ஒனக்குக் கெடையாது" என்று. இரண்டு வருஷமாக இதை ஒருத்தியாகச் சுமந்தாயா, பைத்தியமே.

நான் சம்பளத்துக்கா இங்கே வந்தேன்? அவனைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தேன். உயிரோடு இருப்பான் என்று நினைக்கிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை. எலும்பாவது கிடைக்கும் என்று வந்தேன். இப்போது அங்கே விளக்கு எரிகிறது. எனக்கு வேறு எதுவும் யோசிக்கத் தெரியவில்லை.

கேட்டின் பூட்டுக்கு மூன்று நாளாக எண்ணெய் விட்டு ஆட்டி வைத்திருக்கிறேன், திறந்துவிடும். சனிக்கிழமை பத்து மணிக்கு உள்ளே போகிறேன். இடுப்பில் கயிறு. நெட்டையன் கேட்டில் நின்று கயிற்றைப் பிடித்துக்கொள்வான். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். பன்னிரண்டு மணி வரை மட்டும் அந்தப் போர்டில் கை வைக்காதே. புது செல் போடு. சிமிட்டல் வேண்டாம், விடாமல் எரியவிடு.

உன் தம்பி

மார்ச் 29, சனி, மதியம் மூன்று மணி

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. நேற்றே முடிவு எடுத்துவிட்டேன். ஒன்பது மணிக்கே செல்லைக் கழற்றிவிட வேண்டும். பத்து மணிக்கு நீ கேட்டுக்கு வரும்போது உள்ளே இருட்டாக இருக்க வேண்டும். நீ திட்டிக்கொண்டே திரும்பிவிட வேண்டும். செத்தவனை விட்டுக்கொடுத்தாவது இருப்பவனைக் காப்பாற்றுவது என்று.

ஒன்பது மணிக்கு என்னால் முடியவில்லை. ஒன்பதரைக்கு முடியவில்லை. மனசு கேட்காமல் ராத்திரியே சிமிட்டலை எடுத்துவிட்டிருந்தேன், விளக்கு நீ சொன்ன மாதிரியே விடாமல் எரிந்துகொண்டிருந்தது. அதன் எதிரில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, சின்னவன் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதேன். பத்து ஆனது. நீ உள்ளே போயிருப்பாய் என்று நினைத்ததும் செல்லில் கை வைத்தேன். பதினொன்று இருபதுக்குக் கழற்றினேன். கண்ணை மூடிக்கொண்டுதான் கழற்றினேன்.

நீ நன்றாகத் திரும்பியிருப்பாய். கையில் டார்ச் இருக்கிறது, இடுப்பில் கயிறு இருக்கிறது. நீ என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். வீட்டுக்கு வந்துவிடு.

உன் அக்கா

ஏப்ரல் 2, புதன்

அக்கா,

உன் கடிதம் இன்று வந்தது. பதினொன்று இருபது என்று எழுதியிருக்கிறாய். இப்போது நான் சொல்கிறேன், கேள்.

நினைத்ததைவிடப் பக்கத்திலேயே, வளைவைத் தாண்டியதும் அவன் இருந்தான். குழாய்க்குப் பக்கத்தில் இருக்கிற திட்டில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன் மாதிரி. வெளிச்சம் அவன் கையில் இருந்தது. டார்ச் இல்லை, வெறும் வெளிச்சம். "என்னண்ணே, இவ்ளோ நேரமா?" என்றான். "வேலைடா" என்றேன். என்ன பேச்சு அது! அவன் சிரித்தான். கையை நீட்டினேன், பிடித்துக்கொண்டான். சில்லென்று இருந்தது, ஆனால் கைதான் அது, நம் சின்னவன் கைதான்.

இரண்டு பேரும் நடந்து வந்தோம். "அக்கா எம்மேல கோவமா இருக்கா?" என்று கேட்டான். இல்லை என்றேன். "டார்ச் நல்லாத்தான் இருந்துச்சுன்னு சொல்லு" என்றான். கேட் கண்ணுக்குத் தெரிந்தது. நெட்டையன் எங்களைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரு, ரெண்டு பேரு" என்று கத்தினான். கேட்டுக்கு நாற்பது அடி இருக்கும்.

வெளிச்சம் போனது. என் டார்ச் எரிந்துகொண்டுதான் இருந்தது, உன் போர்டு ஒழுங்காகத்தான் வேலை செய்தது. ஆனால் அந்த வெளிச்சத்தில் அவன் தெரியவில்லை. நான் மூடி வைத்திருந்த கைக்குள் ஒன்றும் இல்லை. நெட்டையனின் கடிகாரத்தில் பதினொன்று இருபது.

செல் தீர்ந்துவிட்டது என்றே நான்கு நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று மதியம் உன் கடிதத்தைப் படித்தபோது, இனி உன் முகத்தில் விழிக்கக் கூடாது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு காலை நடையில் பார்த்தது ஞாபகம் வந்தது. அக்கா, இன்று காலை வெளிச்சம் மறுபடி எரிகிறது! சிமிட்டவில்லை, ஆடவும் இல்லை. முன்பு போல வளைவில் இல்லை, கேட்டுக்கு ரொம்பப் பக்கத்தில். கண் கூசுகிற அளவுக்கு எரிகிறது.

மனசு மாறி மறுபடி செல்லைப் போட்டிருக்கிறாய். இப்படித்தான் நீ, முதலில் அடிப்பாய், அப்புறம் ஓடி வந்து எண்ணெய் தடவுவாய். என் கோபமெல்லாம் போய்விட்டது. நெட்டையன் வர மாட்டேன் என்று லீவு போட்டுவிட்டான், அந்த வெளிச்சம் தனக்குப் பிடிக்கவில்லையாம். போகட்டும். நாளைக் காலை நான் தனியாகப் போய்க் கூட்டி வருகிறேன். அதை அணைக்காமல் மட்டும் பார்த்துக்கொள்.

உன் தம்பி

ஏப்ரல் 5, சனி

தம்பி,

இதை எந்த விலாசத்துக்குப் போடுவது என்று தெரியாமல் எழுதுகிறேன். சும்மா உட்கார முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

உன் கடிதம் இன்று காலை வந்தது. நான் செல்லை மறுபடி போடவில்லை. அன்று சாயங்காலமே, எங்கே மனசு மாறிப் போட்டுவிடுவேனோ என்று பயந்து, போர்டை இஸ்திரிப் பெட்டி மேல் வைத்து எல்லாச் சிப்பையும் உருக்கி எடுத்தேன். புரோகிராம் இருந்த சிப்பைக் குறட்டால் நசுக்கிப் பொடியாக்கினேன். என்னிடம் ஒரு வாரமாக விளக்கே இல்லை. நீ பார்த்த வெளிச்சம் என்னுடையது இல்லை.

போன் பண்ணாதே என்றாயே, பண்ணிவிட்டேன். சூப்பர்வைசர்தான் எடுத்தார். "ஒங்க தம்பியா? அவரு நேத்தே கெளம்பிட்டாரேம்மா. வீட்டுக்குப் போறேன்னு லீவு எழுதிக் குடுத்தாரு" என்றார். எனக்கு உயிர் வந்தது. "தனியாவா போனான்?" என்று கேட்டேன். "இல்லம்மா, கூட ஒருத்தர் இருந்தாரே. தம்பியாம், பார்த்தாலே தெரியுது. அவருதான் கலகலன்னு பேசிக்கிட்டு இருந்தாரு, லீவு லெட்டர்கூட அவருதான் எழுதினாரு. ஒங்க தம்பி வாயே தொறக்கல. கண்ணையும் தொறக்கல, வெயில் ஒத்துக்கல போல. அவருதான் கையப் புடிச்சு பஸ் வரைக்கும் கூட்டிக்கிட்டுப் போனாரு."

நேற்று அங்கே கிளம்பிய அந்த பஸ் இன்று ஐந்து மணிக்குத்தான் இங்கே வரும். இப்போது நாலரை. விஷயத்தைக் கேட்டு அத்தான் ஆபீஸிலிருந்து பதறி ஓடி வந்து, "கதவத் தாப்பா போடு, யாரு கூப்பிட்டாலும் தொறக்காத" என்று சொல்லிவிட்டு, ஜன்னல் ஜன்னலாகச் சாத்திக்கொண்டிருக்கிறார். அவர் சொல்வது சரி. எனக்கும் புத்தி அதைத்தான் சொல்கிறது. ஆனால் வந்து நிற்பது எதுவாக இருந்தாலும், அதன் கையில் உன் கை இருக்கிறது. அது சின்னவன் குரலில் அக்கா என்று ஒரு தடவை கூப்பிட்டால் போதும்.

வாசல் கதவின் தாழ்ப்பாளை அவர் போட்டார். அவர் மாடிக்குப் போனதும் நான் எடுத்துவிட்டேன்.

அக்கா